பென்னாகரம் ரோட்டு நம்பர் பிளேட் கடை: ஸ்டீல் ரூல் வைத்து அளந்து பார்த்தேன்

தர்மபுரியில் வண்டிக்கு நம்பர் பிளேட் செய்ய நல்ல கடை எது என்று யார் கேட்டாலும், நான் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டுகிறேன். அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை இருக்கிறது. போர்டில் கடைப் பெயர் கிடையாது. ‘நம்பர் பிளேட், ரப்பர் ஸ்டாம்ப், நேம் போர்டு’ என்று மட்டும் எழுதியிருக்கும். கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். அவர் வெளி வேலைகளைப் பார்க்கிறார். கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, மெஷினில் வெட்டி, ஷீட்டில் ஒட்டுவதெல்லாம் அந்த அம்மாதான்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் அளந்து பார்ப்பது பழக்கம். சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ரூல் இன்னும் இருக்கிறது. அதனால் இந்தக் கடையைப் பற்றி எழுதும்போது மில்லிமீட்டர் கணக்கு நிறைய வரும். நம்பர் பிளேட்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்குதான் விஷயமே.

என்னிடம் 1998-ல் வாங்கிய டிவிஎஸ் சுசுகி மேக்ஸ் 100 ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. டிஎன் 29, அதாவது தர்மபுரிப் பதிவு. வாங்கிய காலத்தில் சொந்த வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. பெயின்டர் ஒருவர் பிரஷ்ஷால் எழுதிக் கொடுத்தார், அழகாக இருந்தது. பிறகு சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து என்று மாறியது. சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அப்படிப் புதுப்பிக்கப் போகும் முன்னால் பிளேட்டை ஒழுங்கு செய்யலாம் என்று முதலில் வேறொரு கடைக்குப் போனேன். அது எந்தக் கடை என்று சொல்லத் தேவையில்லை. பெரிய கடை, வாசலில் வண்ண விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். நம்பரைச் சொன்னதும் பையன் பத்து நிமிடத்தில் ஒரு பிளேட்டை நீட்டினான். பளபளப்பாக இருந்தது. ரூலை வைத்தேன். எழுத்தின் உயரம் 22, கோட்டின் அகலம் 4, ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர். மேலே மூலையில் நான் கேட்காத ஒரு சிங்க முகம். “இதுதான் சார் இப்ப எல்லாரும் கேக்கறாங்க” என்றான். பிளேட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 50-ஆம் விதி பதிவெண்ணை எங்கே, எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. 51-ஆம் விதி அளவைச் சொல்கிறது. பைக்கின் பின்பக்கம் எழுத்து 35 மி.மீ. உயரம், எண் 40 மி.மீ. உயரம். கோட்டின் அகலம் 7, இடைவெளி 5. முன்பக்கம் எழுத்தும் எண்ணும் 30 உயரம், 5 அகலம், 5 இடைவெளி. கார், வேன், லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் 65 உயரம், 10 அகலம், 10 இடைவெளி. ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டிகளுக்கு என்ஜின் 500 சி.சி.க்குள் இருந்தால் 35, 7, 5. அதற்கு மேல் என்றால் 40, 7, 5. பின்பக்கம் இரண்டு வரியாக எழுத வேண்டும்: மாநிலக் குறியும் அலுவலகக் குறியும் முதல் வரி, மீதி இரண்டாவது வரி. ஆங்கில எழுத்து, நாம் தினமும் எழுதும் சாதாரண எண். அலங்கார எழுத்து கூடாது. வேறு பெயர், படம், ஓவியம் எதுவும் பிளேட்டில் கூடாது.

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு சக்கர வண்டியின் பின் பிளேட் 200-க்கு 100 மி.மீ. அதில் இரண்டு வரி. இரண்டு வரியிலுமே எண் வருகிறது, எண்ணின் உயரம் 40. ஆக 80 போய்விட்டது. மிச்சம் 20. அதை மேலே, நடுவில், கீழே என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 7 மி.மீ. கூடக் கிடைக்காது. இந்த இடத்தில் தலைவர் படமோ சாதிப் பெயரோ மகள் பெயரோ எங்கே உட்காரும்? அது உட்கார வேண்டுமானால் நம்பர் சுருங்க வேண்டும். வேறு வழியே இல்லை.

பென்னாகரம் ரோட்டுக் கடையில் இந்தக் கணக்கை நான் சொல்ல வேண்டியே வரவில்லை. ஆர்.சி. நகலைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துத்தான் நம்பரை அடித்தார் அந்த அம்மா. வாயால் சொல்கிற நம்பரை எடுத்துக்கொள்வதில்லை. இதற்கே அவருக்குத் தனியாகப் பாராட்டு. யார் வந்து எந்த நம்பரைச் சொன்னாலும் செய்து கொடுக்கிற கடைகள்தான் வண்டித் திருட்டுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கின்றன. அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே வைத்திருந்த அமைப்பைத் திறந்தார். பைக் பின், பைக் முன், ஆட்டோ, கார், லாரி என்று தனித்தனி. அளவு அதில் பூட்டியிருக்கிறது, இழுத்துப் பெரிதாக்கவோ சுருக்கவோ முடியாது. “கஸ்டமர் பக்கத்துல நின்னு கொஞ்சம் சின்னதாக்குங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க சார். அதான் வீட்டுக்காரர் இப்படிப் பண்ணி வெச்சிட்டாரு” என்றார்.

செய்து கொடுத்ததை அளந்தேன். உயரம் சரி, கோட்டின் அகலம் சரி. என் நம்பரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 1 வருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் 3 மி.மீ. இருந்தது. கம்ப்யூட்டரில் எழுத்து இடைவெளி தானாகச் சுருங்கும் இடம் அது. காட்டினேன். அவரும் தன் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டிக்கரை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி வெட்டினார். கூடுதல் காசு கேட்கவில்லை. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினைந்து இருபது மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் நெருங்கி நிற்கும் இரண்டு 1 ஒரே தடித்த கோடாகத்தான் தெரியும். கோட்டின் அகலம் குறைந்தால் 8-இன் நடுவில் இருக்கும் இடுப்பு மறைந்து அது 0 ஆகிவிடும், 3-ஆகவும் தெரியும். விதியில் இருக்கும் மூன்று அளவும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் வேலை செய்யும். உயரத்தை மட்டும் சரியாக வைத்துவிட்டு மெல்லிய கோட்டில் எழுதினால் பலன் இல்லை.

நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி வந்தான். நம்பர் 8055. அதை ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று படிக்கிற மாதிரி 8-ஐ ‘பி’ போலவும் 5-ஐ ‘எஸ்’ போலவும் வளைத்து வெட்டித் தரச் சொன்னான். டிஎன் 29 என்பதை எறும்பு அளவில் மேலே போட்டால் போதுமாம். அந்த அம்மா கோபப்படவில்லை. “இங்க அந்த மாதிரி பண்றதில்ல தம்பி. சரியான சைஸ்ல வேணும்னா சொல்லு, இப்பவே பண்ணித் தர்றேன்” என்றார். அவன் இன்னும் ஐம்பது ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்றான். “காசுக்கு இல்லப்பா. நாளைக்கு உன் வண்டியவே எவனாவது தூக்கிட்டுப் போனா, இந்தப் பிளேட்ட பாத்து எந்த போலீஸ்காரரு கண்டுபிடிப்பாரு?” என்று கேட்டார். அவன் போய்விட்டான். பக்கத்தில் எங்காவது செய்து வாங்கியிருப்பான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சின்னக் கடை, அன்றைக்கு வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

இவ்வளவு அழுத்தமாக எழுதக் காரணம் இருக்கிறது. என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, காவேரிப்பட்டணத்தில் சர்வீஸ் ரோட்டின் ஓரம் நடந்து போனபோது பின்னாலிருந்து ஒரு பைக் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு உடைந்தது. டீக்கடையில் இருந்த மூன்று பேர் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் பிளேட்டையும் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் நினைவில் இருந்தது பிளேட்டில் ஒட்டியிருந்த ஒரு முகமும், சாய்த்து எழுதிய ஏதோ ஒரு பெயரும்தான். நம்பர் என்ன? 7 இருந்தது என்றார் ஒருவர். 1 என்றார் இன்னொருவர்.

வண்டி எது என்று தெரிந்தால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியை எதிர்த்து விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வருமானம், பின்னால் வரக்கூடிய ஊனம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம். வண்டி எது என்று தெரியாவிட்டால், இடித்துவிட்டு ஓடிய விபத்துகளுக்கான அரசுத் திட்டம்தான் கதி. அதில் உயிர் போனால் 2 லட்சம், படுகாயம் என்றால் 50 ஆயிரம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்னால் 25 ஆயிரமும் பன்னிரண்டரை ஆயிரமும்தான். கம்பி வைத்துக் கட்டிய தொடைக்கு 50 ஆயிரம் எந்த மூலைக்கு? அண்ணன் இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். ஒரு பிளேட்டில் எண் 40 மி.மீ. உயரத்தில் இருந்திருந்தால் அவர் வீட்டு நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பிளேட் வண்டிக்காரருக்கு அலங்காரப் பொருள் அல்ல. ரோட்டில் நடக்கிற மற்றவர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது.

சரி, கடைக்குத் திரும்பலாம்.

இரண்டாவது முறை போனது மச்சானின் எக்ஸ்எல் சூப்பருக்காக. அவர் வண்டி டிஎன் 24, கிருஷ்ணகிரிப் பதிவு. மாங்காய்க் காலத்தில் கூடையும், மற்ற நாளில் மாட்டுத் தீவனமும் ஏற்றுகிற வண்டி. இந்த வண்டியின் என்ஜின் 69.9 சி.சி. விதியில் 70 சி.சி.க்குக் குறைந்த வண்டிகளுக்கு என்று தனியாக ஒரு வரி உண்டு: முன்பக்கம் 15 மி.மீ. உயரம், இரண்டரை அகலம், இரண்டரை இடைவெளி இருந்தால் போதும். நம் பக்கம் எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் பலர் இந்தச் சலுகை பின்பக்கத்துக்கும் உண்டு என்று நினைத்து இரண்டையும் பொடிசாகப் போட்டுக்கொள்கிறார்கள். கிடையாது. பின்பக்கம் எல்லா பைக்குக்கும் உள்ள அதே 35-ம் 40-ம்தான். புதிய எக்ஸ்எல் 100-க்கு முன்பக்கச் சலுகையும் இல்லை, அது 99.7 சி.சி. இந்த வித்தியாசம் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. “சூப்பரா, ஹண்ட்ரடா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கிற மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைக் கேட்பதில்லை.

எக்ஸ்எல்லில் இன்னொரு சிக்கல், மூட்டை. பின்னால் கூடையைக் கட்டினால் பிளேட் முழுக்க மறைந்துபோகும். கடைக்காரர் பிளேட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, மட்கார்டின் அடி விளிம்போடு சேர்த்து மாட்டிக் கொடுத்தார். கூடையின் கயிறு அதன் மேல் தொங்காமல் இருக்க எப்படிக் கட்ட வேண்டும் என்றும் மச்சானிடம் காட்டினார். முன் பிளேட்டை ஹேண்டில்பாருக்கு இணையாக, எதிரே வருகிறவருக்கு நேராகத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. மட்கார்டின் மேல் நீளவாக்கில் கத்தி போல நிறுத்தி வைக்கும் பழைய முறை செல்லாது. மச்சான் வண்டியில் அப்படித்தான் இருந்தது. அதையும் கழற்றி நேராக மாட்டினார்கள்.

மாட்டுகிற வேலையில்தான் எனக்கு இந்தக் கடை மேல் குறை. அக்ரிலிக் ஷீட்டில் ஓட்டை போட, பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் குத்துகிறார்கள். ஓட்டையைச் சுற்றி ஷீட் சூடேறி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழும். கல் ரோட்டில் அதிர அதிர ஒரு மழைக்காலத்துக்குள் அந்த இடத்தில் உடைந்து தொங்கும். மச்சானின் முன் பிளேட்டுக்கு அதுதான் நடந்தது. சின்ன டிரில் பிட்டால் மெதுவாகத் துளைத்து, விளிம்பிலிருந்து ஓட்டையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது உள்ளே தள்ளி வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போட்டு, நட்டை இறுக்கித் திருகாமல் விட வேண்டும். அதைச் சொன்னேன். கடைக்காரர் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது கையால் சுற்றுகிற டிரில் ஒன்று வாங்கி வைத்திருந்தார். உடைந்த பிளேட்டுக்குப் பதில் புதிதும் கொடுத்தார். ஆனாலும் நெரிசலான நேரத்தில் கம்பியைக் காய்ச்சுகிற பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. போகிறவர்கள் டிரில்லால் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் வாஷரும் கேளுங்கள், சொல்லாவிட்டால் போடமாட்டார்கள். அக்ரிலிக் வேண்டாம் என்றால் எழுத்தைத் தட்டி எழுப்பிய அலுமினியத் தகடும் செய்து தருகிறார்கள். என் மேக்ஸுக்கு அதைத்தான் போட்டேன்.

இன்னொரு குறை, பில் தருவதில்லை. கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்றாவது, நிறுத்த இடம் கிடையாது. காரோடு வருகிறவர்கள் எங்காவது நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

எச்.எஸ்.ஆர்.பி. எனப்படும் உயர் பாதுகாப்பு பிளேட் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த புது வண்டி எல்லாவற்றுக்கும் இந்த பிளேட் வண்டியோடே வர வேண்டும், டீலர்தான் மாட்டித் தர வேண்டும். ஒரு மி.மீ. தடிமன் அலுமினியத் தகடு, வெளிச்சம் பட்டால் திருப்பி அனுப்பும் மேற்பரப்பு. இடது மேல் மூலையில் 20-க்கு 20 மி.மீ. அளவில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் ‘ஐ.என்.டி.’ என்ற எழுத்து, இடது கீழ் மூலையில் லேசரால் பொறித்த அடையாள எண். எழுத்தின் மேல் படர்ந்த படலத்தில் 45 டிகிரி சாய்வில் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் வரிவரியாக ஓடும், வண்டியை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். பின்பக்கம் ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத ஸ்னாப் லாக். காருக்குக் கூடுதலாக முன் கண்ணாடியின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர்: பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

மகள் ஓசூருக்கு வேலைக்குப் போக ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினாள். சொந்த உபயோக எலெக்ட்ரிக் வண்டிக்குப் பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. வாடகைக்கு ஓடுவது என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. டீலர் மாட்டித் தந்த பிளேட்டை அளந்தேன். அச்சு மாதிரி இருந்தது, குறை சொல்ல எதுவும் இல்லை. தகட்டிலேயே எழுத்து எழும்பி நிற்பதால் வண்ணம் போனாலும் தடவிப் படிக்கலாம். செய்நேர்த்தியில் எந்தக் கடை பிளேட்டும் இதற்குப் பக்கத்தில் வராது. டீலரின் சேவை வேறு கதை. பிளேட் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி, கம்ப்யூட்டரில் அச்சடித்த காகிதத்தை ஒட்டி வண்டியைக் கொடுக்கப் பார்த்தார்கள். காகிதத்தில் நம்பர் ஒட்டி ஓட்டக் கூடாது. தற்காலிகப் பதிவுக்கே மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து என்று முறை இருக்கிறது. பிளேட் மாட்டிய பிறகே வண்டியை எடுப்போம் என்று நானும் மகளும் உறுதியாகச் சொல்லிவிட்டோம். தாமதம் ஆனது, ஆனாலும் வந்தது. புது வண்டி எடுக்கும் எல்லாரும் இப்படி நின்று வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழு விலை கொடுத்த பிறகு பிளேட்டுக்காக நடையாய் நடப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்த ஸ்கூட்டரின் பின் பிளேட் ஒரு தடவை பார்க்கிங்கில் நசுங்கி மடங்கியது. மகள் பென்னாகரம் ரோட்டுக் கடைக்கு எடுத்துப் போனாள். “இத நாங்க தொடக் கூடாதும்மா. ஆர்.சி.யும் பழைய பிளேட்டும் எடுத்துட்டு டீலர்கிட்ட போங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார் அந்த அம்மா. இதே ஊரில் ஹாலோகிராம் போல ஒரு பளபள ஸ்டிக்கர், ‘ஐ.என்.டி.’ என்ற நீல எழுத்து எல்லாம் ஒட்டி அசல் போலவே செய்து கொடுக்கிற இடங்கள் உண்டு. அதில் லேசர் எண் இருக்காது, இருந்தாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. பார்க்க அசல் போல இருப்பதாலேயே அது வெறும் ஸ்டிக்கர் பிளேட்டை விட மோசம். இந்தக் கடையில் அதைச் செய்வதே இல்லை. நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட, இந்த மறுப்புக்காகத்தான் இவர்களை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் கர்நாடகத்தில் 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்கும் எச்.எஸ்.ஆர்.பி. கட்டாயம் என்று 2023-ல் அறிவித்து, கெடுவைப் பல முறை தள்ளிப் போட்டார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிற ஓசூர்க்காரர்கள் குழம்பிப்போனார்கள். அந்த அறிவிப்பு கர்நாடகப் பதிவு வண்டிகளுக்கானது. பெங்களூரிலிருந்து பழைய வண்டி வாங்கி கே.ஏ. நம்பரிலேயே ஓட்டுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

மஞ்சள் பலகை வண்டிகளும் இந்தக் கடைக்கு நிறைய வருகின்றன. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிற சின்ன லோடு வண்டிகள்தான் அதிகம். சரக்கு வண்டிக்கு முன்னும் பின்னும் மட்டும் போதாது, உடம்பின் இரண்டு பக்கமும் நம்பர் எழுத வேண்டும். அதை ஸ்டென்சில் வெட்டி ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கிறார்கள், சுத்தமான வேலை. பின் பிளேட்டுக்கு மேலே எரிகிற சின்ன வெள்ளை விளக்கு பற்றியும் இங்கே கேட்கிறார்கள்: “லைட்டு எரியுதாண்ணா?” அந்த வெளிச்சத்தில் பின்னால் 15 மீட்டரிலிருந்து நம்பரைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. பல்பு என்ன விலை வந்துவிடப் போகிறது? ஆனால் ராத்திரி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பாருங்கள், முன்னால் போகிற லாரிகளில் பாதிக்கு அந்த விளக்கு எரியாது. மீதிப் பாதியில் சேறு அப்பியிருக்கும், இல்லை தார்ப்பாய் தொங்கும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை அது. எந்த மாநில வண்டியும் நம் ஊர் வழியாகத்தான் போகும். விபத்து நடந்தால் ஓரத்தில் நிற்கிற நம் ஊர்க்காரர்தான் அந்த நம்பரைப் படித்துச் சொல்ல வேண்டும். பிளேட்டில் ஒரே மாதிரி எழுத்தும் எண்ணும் இந்தியா முழுக்க இருக்க வேண்டும் என்பதை நான் மனதார ஏற்றுக்கொள்வது இதனால்தான். தமிழில் ‘த.நா.’ என்று பிளேட் மாட்டும் தம்பிகளின் பற்று எனக்கும் உண்டு. அதை வண்டியின் வேறு இடத்தில் காட்டலாம், பிளேட்டில் வேண்டாம்.

அபராதம் பற்றியும் கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவுப்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 வரை. பிரஸ், போலீஸ், வக்கீல் என்று பிளேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு எதிராக 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்து போலீஸார் நடவடிக்கையை ஆரம்பித்தபோது இங்கேயும் சிலர் அவசரமாக உரித்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வண்டி ஓட்டுகிறவரை மட்டும் பிடிக்காமல், அந்த பிளேட்டை வெட்டிக் கொடுத்த கடையையும் கேள்வி கேட்க வேண்டும்.

போகிறவர்களுக்கு விவரம்: நான் கொடுத்தது பைக்குக்கு அக்ரிலிக் ஜோடி 250 ரூபாய், எழுத்து எழும்பிய அலுமினியத் தகடு ஜோடி 400. மாட்டுகிற கூலியும் அதிலேயே அடக்கம். ஜிபே உண்டு. ஆர்.சி. அசலோ நகலோ கட்டாயம் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் ரப்பர் ஸ்டாம்ப் வேலை குவிந்துகிடக்கும், அப்போது காலையில் கொடுத்தால் சாயந்திரம்தான் கிடைக்கும். கையில் ஒரு ஸ்கேல் எடுத்துப் போய் அங்கேயே அளந்து வாங்குங்கள். அந்த அம்மா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.